மூன்றாம் ஓலையை வாசித்த குரல்

லாபிஸ்,
06.09.2025

பெருமதிப்பிற்குரிய செல்வி ரூபினி தெரேசா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் பெற்றோரும் இறையருளால் நலமே இருக்க விழைகிறேன். சூலை பதினோராம் நாள் தாங்கள் எழுதிய கடிதத்திற்கு எட்டு வாரம் கழித்து மறுமொழி எழுதுகிறேன். இத்தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். எனக்கு நோயுமில்லை, வேலைப்பளுவும் இல்லை. மனம் ஒப்பவில்லை, அவ்வளவே. பொய்க் காரணம் எழுதிப் பழக்கமில்லாதவள் நான்.

தாங்கள் கேட்டிருப்பது இன்னதென்று நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்பதை முதலில் உறுதி செய்துகொள்கிறேன். 2019ஆம் ஆண்டு மே மாதம் தங்களுக்கும் என் ஒரே மகன் பெனடிக்ட் வசந்தனுக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முந்திய மூன்று ஞாயிறுகளிலும், மணமக்களின் பெயரைச் சபையோர் முன் அறிவித்து, "தடை அறிந்தோர் தெரிவிக்க" என்று கேட்கும் ஓலையைத் தம்போயில் நம் பங்குக் கோயிலில் வாசித்தவள் நான். அதைத் தாங்கள் கைபேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள். தாங்கள் இயக்கியிருக்கும் திரைப்படத்தில் அக்குரலைப் பயன்படுத்த என் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். இதுதானே?

அத்திருமணம் நாள் நெருங்கி, மூன்றே நாள் இருக்கையில் நின்றுபோனது. அதன்பின் நான் தங்கள் எண்ணைத் தடுத்து வைத்தேன், தம்போய் வீட்டை விற்று லாபிசுக்கு வந்தேன், மகனோடும் பேச்சில்லை. இவை தாங்கள் அறிந்தவை.

என்னைப் பற்றித் தாங்கள் அறியாதது ஒன்றுண்டு. ஆறாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவள் நான். தெப்ராவ் தொழிற்சாலைக்குச் செல்லும் பேருந்தில் இருபத்தாறு ஆண்டுகள் அகராதியை மடியில் வைத்துப் படித்தே இந்தத் தமிழைச் சேர்த்தேன். பட்டம் பெற்ற ஆசிரியைகள் அமர்ந்திருக்கும் கோயிலில் பத்தொன்பது ஆண்டுகள் வாசகப் பணி ஆற்றினேன். என் குரல் எனக்கு யாரும் கொடுத்ததன்று. ஆதலால் அதை ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

மணமேடை வரை வந்து கைவிடப்பட்ட பெண், கைவிட்டவனைப் பற்றியே படம் எடுப்பது எதற்காக? பழிவாங்கவா? தாங்கள் அனுப்பிய உறையில் உள்ள பென் டிரைவை நான் இன்னும் வெளியே எடுக்கவில்லை. தங்கள் விடை கண்ட பின்னரே எடுப்பேன்.

இங்ஙனம்,
இ. அமலோற்பவம்

*

தம்போய்,
13.09.2025

அன்புள்ள ஆன்டி,

உங்க கடிதத்தைப் பிரிச்சதும் 'செல்வி', 'தாங்கள்'... எனக்கு யாரோ வக்கீல் எழுதின மாதிரி இருந்துச்சு. நிச்சயதார்த்தம் அன்னிக்கு "இனிமே அத்தைன்னுதான் கூப்பிடணும்"னு சொன்னது நீங்கதான். நாலு மாசம் கூப்பிட்டேன். நாக்குலேர்ந்து அதை எடுக்க இன்னொரு நாலு மாசம் ஆச்சு. இப்ப 'ஆன்டி'ன்னு எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க. பேசுற மாதிரியேதான் எழுதுவேன். இலக்கணத்துல உங்ககூட மோத நமக்குத் தெம்பு இல்லைலா.

பழிவாங்கணும்னா ஆறு வருஷம் எதுக்கு ஆன்டி? ஃபேஸ்புக்ல பத்து வரி போதும். ஜொகூர் முழுக்க காலையில தே தாரிக் குடிக்கிறதுக்குள்ள பரவிடும்.

கல்யாணம் நின்னப்ப வசந்தன் உண்மையை, ஃபாதரையும் உங்களையும் விட்டா, என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. கார்ல உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே. "எனக்குப் பொண்ணுங்க மேல ஈர்ப்பு வராது ரூபினி. உன்னைக் கட்டிக்கிட்டா உன்னைக் கொன்ன மாதிரி"ன்னாரு. நான் ஓங்கி ஒண்ணு விட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். வெளிய ஒருத்தருக்கும் சொல்லலை. அதனால ஊரு அதுவா ஒண்ணு கண்டுபிடிச்சுக்கிச்சு: பொண்ணுகிட்டத்தான் ஏதோ கோளாறாம். எங்க அம்மா ரெண்டு வருஷம் தமிழ் பூசைக்கே போகலை, சீனப் பூசைக்குப் போயி புரியாமலே உட்கார்ந்துட்டு வந்தாங்க.

நான் என்ன வேலை பார்க்கிறேன்னு தெரியுமா? கல்யாண வீடியோ எடுக்கிறேன். சிரிக்கலாம், பரவாயில்லை. நானே சிரிச்சிட்டேன். தம்போய்ல ஒரு வொர்க்‌ஷாப் மாடியில சின்ன ஸ்டூடியோ. இதுவரைக்கும் நூத்து நாப்பது கல்யாணம். நாலு வருஷத்துக்கு முன்னாடி வசந்தன் சிங்கப்பூர்லேர்ந்து ஃபோன் பண்ணி மன்னிப்புக் கேட்டாரு. மாமாக் சாப்பாட்டுக் கடையில மூணு மணி நேரம் பேசினோம். இப்பவும் ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறாராம். கடைசி பெஞ்சுல உட்கார்ந்துட்டு, ஃபாதர் கையால நன்மை அப்பம் வாங்காம வந்துடுவாராம். "விட்டுட வேண்டியதுதானே, எதுக்கு இந்த அவஸ்தை?"ன்னு கேட்டேன். "எங்க போறது ரூபினி, அதுவும் என் வீடுதானே"ன்னாரு. அந்த ஒரு வரிக்குத்தான் படம் எடுத்தேன்.

உங்க குரல் ஏன்னா: கோலாலம்பூர்லேர்ந்து ஒரு நடிகையைக் கூட்டிட்டு வந்து பதினெட்டு டேக் எடுத்தோம். நல்லாத்தான் வாசிச்சாங்க. ஆனா மூணாம் ஞாயிறு நீங்க வாசிச்சதுல, "இவர்களது திருமணத்திற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தோர்"ங்கிறதுக்கு முன்னாடி ஒரு இடைவெளி விட்டீங்க. ரெண்டு செகண்ட் இருக்கும். கோயிலே மூச்சைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி. அந்தக் கம்பீரம் யாருக்கும் வரலை ஆன்டி. படத்துல பேரு வர்ற இடத்தை வெட்டிட்டேன், ஆனா என் பேரை அவ்வளவு அழகா யாரும் சொன்னதும் இல்லை.

இங்க சென்சார் விடாது, தியேட்டர்ல போட முடியாது, உங்களுக்கே தெரியும். நவம்பர் 22 சிங்கப்பூர்ல ஒரு சின்ன அரங்குல முதல் காட்சி. அக்டோபர் கடைசிக்குள்ள உங்க கையெழுத்து வேணும். நீங்க வேணாம்னு சொன்னா எடுத்துடுவேன், சத்தியமா. ஆனா பார்த்துட்டுச் சொல்லுங்க.

ரூபினி

*

லாபிஸ்,
27.09.2025

அன்புள்ள ரூபினி,

இனி உன்னை 'நீ' என்றே எழுதுகிறேன். ஒருவரது படத்தை மூன்று முறை பார்த்த பின்னும் 'தாங்கள்' என்று எட்ட நிற்பது பொய்யாகும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் தாழிட்டு, தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தேன். அருவருப்பு வந்தால் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தே அமர்ந்தேன். நிறுத்தவில்லை. புதனன்றும் பார்த்தேன். நேற்று மறுபடியும் பார்த்தேன்.

புகழ்வதிலும் கணக்காக இருப்பவள் நான். அதனால் காரணத்தோடு புகழ்கிறேன்.

உன் நாயகன் ஸ்டீபன் பாடகர் குழுவிற்குத் திருப்பாடல் பயிற்றுவிக்கும் காட்சி. வெளியே அவனுடைய தோழன் லெட்சுமணன் மோட்டார்சைக்கிளோடு காத்திருக்கிறான். மழை பிடிக்கிறது. எல்லாரும் உள்ளே ஓடி வருகிறார்கள். அவன் மட்டும் வாகனக் கொட்டகையிலேயே நிற்கிறான். "என் கோயில் இல்லையே, நான் எப்படி உள்ளே வர்றது" என்று முன்னொரு காட்சியில் சொன்னவன். உடனே ஸ்டீபன் காரணமேதும் சொல்லாமல் சுருதியை ஏற்றுகிறான். குழுவினர் முகம் சுளிக்கிறார்கள். பாட்டு மழையைத் தாண்டிக் கொட்டகை வரை போகிறது. இருவரும் ஒருவரையொருவர் தொடவில்லை, பார்க்கவும் இல்லை. நேசத்தை இவ்வளவு கற்போடு காட்டிய காட்சியை ஆண் பெண் காதல் படங்களிலும் நான் கண்டதில்லை.

அடுத்து, ஸ்டீபன் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் ஒப்புரவுக் காட்சி. குருவானவரைக் கொடியவராகவும் காட்டவில்லை, உருகி வழிபவராகவும் காட்டவில்லை. அவர் முகமே தெரியவில்லை. கை மட்டுந்தான் தெரிகிறது. திருச்சபை போதிப்பதை அவர் தெளிவாகச் சொல்கிறார். சொல்லும்போதே அந்தக் கை, தன்னை மறந்து, ஸ்டீபனின் தலைமேல் போய் அமர்கிறது. போதனையும் உண்மை, கையும் உண்மை என்று அங்கேயே விட்டுவிட்டாய். உனக்கு அப்போது எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். இரண்டில் ஒன்றைக் கேலி செய்திருந்தால் பாதிப்பேர் கைதட்டியிருப்பார்கள். அந்த எளிய வழியை நீ எடுக்கவில்லை.

அவன் செபிக்கும் விதம்! "என்னை மாற்றும்" என்றும் கேட்கவில்லை. "அவனை எடுத்துக்கொள்ளாதேயும்" என்றும் கேட்கவில்லை. முழந்தாளிட்டு, "ஆண்டவரே, நான் வந்திருக்கேன்" என்கிறான். அவ்வளவுதான். பத்தொன்பது ஆண்டுகள் விசுவாசிகள் மன்றாட்டு எழுதியவள் நான். இத்தனை சுருக்கமாக ஒரு செபம் எனக்கு எழுத வந்ததில்லை.

நான் திருச்சபை போதிப்பதை நம்புகிறவள். இதைச் சொல்லாமல் புகழ்ந்தால் உன்னை ஏமாற்றியவளாவேன். ஆயினும் ஒன்று எழுதுகிறேன். அந்தப் பிள்ளையை மூன்று முறை பார்த்தும் அவன் விசுவாசமற்றவன் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

இனிக் குறைகள். கோயிலில் குருவானவர் ஊதா உடுப்பு அணிந்திருக்கிறார், ஆகவே தவக்காலம். தவக்காலத்தில் பாடவே கூடாத அல்லேலூயாவைப் பாடகர் குழு பாடுகிறது! பீடத்தில் பூச்செண்டுகள் வேறு. தவக்காலத்தில் நம் சனங்கள் கலியாணம் வைப்பதுமில்லை, ஓலை வாசிப்பதுமில்லை. மேலும் உன் நாயகனின் தாய் செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு சமைக்கிறாள். அது நகையன்று. இத்தனை பிழைகளை எத்தனை பேர் சேர்ந்து செய்தீர்கள்?

அந்தத் தாயைப் பற்றி இன்னொன்றும் கேட்க வேண்டும். நல்லவள். மகனின் நிலை ஏதும் அறியாமல், பூரித்துப்போய், மூன்று ஓலையையும் வாசிக்கிறாள். பின்னர் அறிந்து நொறுங்குகிறாள். அவளுக்காகப் பார்ப்பவர்கள் அழுவார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை.

அவள் ஒன்றும் அறியாதவள் என்று உனக்கு யார் சொன்னது?

அமலோற்பவம்

*

தம்போய்,
04.10.2025

அன்புள்ள ஆன்டி,

அலமாக்! அல்லேலூயா! நாங்க எட்டுப் பேரு அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்போம், அதுல நாலு பேரு ஞானஸ்நானம் வாங்கினவங்க. ஒருத்தருக்கும் உறைக்கலை. உண்மையைச் சொல்லட்டா? ஊதா கேமராவுல அழகா விழுந்துச்சு. அதான். ஒளிப்பதிவாளர் திருச்செல்வம் உங்க கடிதத்தைக் கேட்டுட்டு, "இவங்களை மொதல்லயே கூப்பிட்டிருக்கணும், நம்ம மானத்தைக் காப்பாத்தியிருப்பாங்க"ன்னான். ஊதாவை வெள்ளையா மாத்த முடியும், கம்ப்யூட்டர்ல செஞ்சிடலாம். அப்ப அல்லேலூயாவும் பூவும் தப்பிச்சிடும். செபமாலைக்கு வழியில்லை, அந்தம்மா கொஞ்சம் பக்தி அதிகம்னு வச்சுக்கோங்க.

நீங்க எழுதின மத்ததை எல்லாம் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கை காட்சியைப் பத்தி எழுதியிருந்தீங்கல்ல, அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை வாசிச்சேன். படம் பார்த்த விமரிசகர் ஒருத்தர், குருவை இன்னும் வில்லனாக் காட்டியிருக்கலாம்னாரு. இன்னொருத்தர் இந்த மாதிரிப் படமே எடுத்திருக்கக் கூடாதுன்னாரு. நீங்க ஒருத்தர்தான் நான் எடுத்த படத்தைப் பார்த்திருக்கீங்க.

கேட்டீங்கல்ல, அந்தத் தாயைப் பத்தி யாரு சொன்னதுன்னு. வேற யாரு, வசந்தன்தான். கதையைத் தர்றேன், ஆனா ஒரே ஒரு நிபந்தனைன்னாரு. "எங்க அம்மாவை நல்லவங்களாக் காட்டணும். அவங்களுக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. நான் ஃபாதர்கிட்ட போயிச் சொன்ன புதன்கிழமைதான் அவங்களுக்கும் தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா அந்த ஓலையை வாசிச்சிருக்கவே மாட்டாங்க." இதை ரெண்டு தடவை சொன்னாரு. எழுதிக்கச் சொன்னாரு. எழுதிக்கிட்டேன்.

ஏன் ஆன்டி, எதாவது தப்பாக் காட்டிட்டேனா?

ரூபினி

*

லாபிஸ்,
11.10.2025

அன்புள்ள ரூபினி,

உன் கடிதம் திங்களன்று வந்தது. எழுத வேண்டியதை நேராக எழுதிவிடுகிறேன்.

வசந்தன் உன்னிடம் சொன்னது பொய். அவன் எனக்காகச் சொன்ன பொய்.

2019 மே மாதம் பதினோராம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. மறுநாள் மூன்றாம் ஓலை. சமையலறை மேசையில் தாளை வைத்து, வழக்கம்போல் உரக்க மூன்று முறை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். வசந்தன் வந்து எதிரே அமர்ந்தான்.

"அம்மா, நாளைக்கு அந்த ஓலையை வாசிக்காதீங்க."

"ஏன்டா, தொண்டை நல்லாத்தானே இருக்கு?"

அப்போது சொன்னான். "எனக்குப் பொண்ணுங்க மேல அப்படி ஒரு நினைப்பே வந்ததில்லம்மா. என்னிக்குமே. ரூபினி நல்ல பொண்ணு. அது பாவம்மா."

கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயது ஆண்பிள்ளை.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும். மாதாகிட்ட ஒப்படைச்சிடு."

"பதினாலு வயசுலேர்ந்து ஒப்படைச்சுக்கிட்டுத்தான்ம்மா இருக்கேன்."

"ஐந்நூறு வீட்டுக்குப் பத்திரிகை போயாச்சுடா."

"நான் ஃபாதர்கிட்ட பேசிக்கிறேன். இந்த வாரம் மட்டும் நீங்க வாசிக்காதீங்க. வேற யாராவது வாசிக்கட்டும்."

அதற்கு நான் சொன்ன விடையை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. "என் மகன் கல்யாணத்து ஓலையை வேற ஒருத்தி வாசிக்கவா?" என்றேன்.

விசுவாசத்தினால் வாசித்தேன் என்று ஆறாண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையன்று. பட்டதாரி ஆசிரியைகளின் முன்னே, என் மகனின் பெயரை, என் தமிழில் சொல்லும் அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளை எதிரில் அமர்ந்து மன்றாடினான். நானோ தாளை எடுத்து நான்காம் முறை வாசித்துப் பழகினேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்றேன். அன்று அன்னையர் தினம். உன் பெயரும் உன் தந்தை திரு. கனகராசின் பெயரும் சொன்னேன். என் மகன் பெயரும் சொன்னேன். கடைசி வரிக்கு வருகையில், நல்ல வாசகி செய்ய வேண்டியபடி, தாளினின்று கண்ணை உயர்த்திச் சபையைப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் வசந்தன் தலை கவிழ்ந்திருந்தான். அதற்கு நேர் எதிரில் நீ கைபேசியை உயர்த்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

"தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தோர்." அந்தக் கோயிலில், என் மகனை விடுத்தால், அறிந்தவள் நான் ஒருத்திதான். தெரிவிக்கக் கடமைப்பட்டவளும் நான்தான். அந்த இடத்தில்தான் நின்றேன். நீ கம்பீரம் என்றாயே, அது கம்பீரமன்று, ரூபினி. சொல்லிவிடலாமா என்று நின்ற நேரம் அது. சொல்லவில்லை. மூச்செடுத்தேன், குரல் நடுங்காமல் வரியை முடித்தேன். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, "இன்னிக்குத்தான் அக்கா ரொம்பப் பிரமாதம்" என்றார்கள். அன்னையர் தினத்து ரோசாப்பூ ஒன்று என் கையிலும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

நான் செய்யத் தவறியதைப் புதன்கிழமை அவன் செய்தான். தானே போய்ப் பங்குத்தந்தையிடம் தடையைத் தெரிவித்தான். அதன்பின் நம் தாமான் குடியிருப்பில் இரண்டு பெண்கள் என்னை நிறுத்தி, "என்னாச்சு அக்கா?" என்று கேட்டார்கள். "பெண் வீட்டாரைக் கேளுங்கள்" என்றேன். மூன்றே சொல். உன் தாயார் தமிழ்த் திருப்பலியை விட்டதற்கு அந்த மூன்று சொல்லே காரணம் என்பதை உன் கடிதத்தில்தான் அறிந்தேன்.

ஆறாண்டுகளும் மாதந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். கோபம் சொன்னேன், புறணி சொன்னேன். இதைச் சொன்னதில்லை. தாளில் எழுதியிருந்ததை வாசித்தேன், அதில் பாவமென்ன என்று இருந்துவிட்டேன்.

உன் படத்தில் உள்ள தாய் வசந்தன் எனக்குத் தைத்துத் தந்த உடுப்பு. அதை அணிந்துகொள்ள எனக்குக் கூசுகிறது. ஆகவே என் குரலைப் பயன்படுத்த ஒப்புதல் தர இயலாதவளாயிருக்கிறேன். அந்தப் பொய்க்கு என் குரலே சாட்சி நிற்க வேண்டாம்.

அமலோற்பவம்

*

தம்போய்,
24.10.2025

ஆன்டி,

நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். இது அஞ்சாவது.

அந்த மூணாம் ஓலையை ஆறு வருஷமா வச்சிருக்கேன். மூணு ஃபோன் மாறினேன், அதை மட்டும் விடாம மாத்தி மாத்தி எடுத்துட்டு வந்தேன். கல்யாணம் போனாலும் என் பேரை அப்படி ஒருத்தங்க சொன்னாங்களேன்னு. இப்ப பார்த்தா, நான் பல்லைக் காட்டிக்கிட்டு ஃபோனைப் பிடிச்சிருக்கேன், நீங்க மேல நின்னு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே என்னைப் பார்த்து வாசிச்சிருக்கீங்க. வசந்தன் மட்டும் உங்களை மாதிரி வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, நான் எந்த வீட்டுல, என்ன புரியாம, யாரைக் கேட்டு அழுதுக்கிட்டு இருந்திருப்பேன்? அதை ஒரு நிமிஷமாவது யோசிச்சீங்களா?

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை வாசிச்சுக் காட்டலை. முடியலை.

மன்னிச்சிட்டேன்னு எழுத வரலை. பொய்க் காரணம் எழுத மாட்டேன்னு மொதக் கடிதத்துல சொன்னீங்க. நானும் எழுதலை.

ஆனா இன்னொண்ணும் சொல்லணும், சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. நாலாவது கடிதத்தைக் கிழிச்சுட்டு ஸ்டூடியோவுக்குப் போயி அந்த இடத்தைப் போட்டுக் கேட்டேன். அளந்து பார்த்தேன். ரெண்டு செகண்ட் இல்லை, மூணே கால். சொல்லிடலாமான்னு நின்னீங்கல்ல, அது கேட்குது ஆன்டி. இத்தனை நாளா எனக்கு ஏன் அந்த நடிகையோட குரல் ஒத்துவரலைன்னு இப்பத்தான் புரியுது. திருச்செல்வத்துக்கிட்ட, ஆளு யாருன்னு சொல்லாம, 'படத்துல தாய்க்கு முன்னாடியே தெரியும்னு வச்சுக்க'ன்னு மட்டும் சொன்னேன். அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தான். அப்புறம், "அப்படின்னா இது வேற படம். இதைவிட நல்ல படம்"னான்.

இதையும் சொல்லிடுறேன். அந்தக் கடிதத்தை எழுத உங்களால முடிஞ்சுதே. எங்க கோயில்ல முன் பெஞ்சுல உட்கார்றவங்க யாருக்கும் அது முடியாது. கோவத்தோடதான் சொல்றேன், ஆனா உண்மை.

இப்ப ரெண்டு வழி. ஒண்ணு, உங்க குரலை எடுத்துட்டு நடிகையோடதைப் போட்டு, ஒண்ணும் தெரியாத தாயாவே விட்டுடுறேன். உங்களை யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. இன்னொண்ணு, சனிக்கிழமை நாலு மணியை ஒரு நாள்ல ஷூட் பண்ணிச் சேர்க்கிறேன், உங்க குரலும் இருக்கும். அப்படிப் போனா தம்போய்ல அந்தக் குரலைத் தெரியாதவங்க இல்லை. எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும். நான் எந்தப் பக்கமும் உங்களைத் தள்ள மாட்டேன். நவம்பர் பத்து வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன்.

வசந்தன்கிட்ட நான் வாயைத் திறக்கலை.

ரூபினி

*

லாபிஸ்,
03.11.2025

அன்புள்ள ரூபினி,

நீ மன்னித்துவிட்டதாக எழுதாததற்கு நன்றி. எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஒப்புதல் கடிதம் இத்துடன் உள்ளது. மூன்று ஓலைகளிலும் உள்ள என் குரலை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள உனக்கு உரிமை அளித்துக் கையொப்பமிட்டிருக்கிறேன். ஆயினும் ஒரு நிபந்தனை: சனிக்கிழமை நான்கு மணி படத்தில் இருக்க வேண்டும். அது இல்லையேல் இவ்வொப்புதலும் இல்லை.

அந்தக் காட்சிக்கான உரையாடலை நானே எழுதி நான்கு பக்கம் இணைத்திருக்கிறேன். பேசியதைப் பேசியபடியே எழுதியிருக்கிறேன். என் வழக்கமான தமிழை அதில் தேடாதே. "வேற ஒருத்தி வாசிக்கவா?" என்ற வரியை நடிகை அழுதுகொண்டு சொல்லக் கூடாது. நான் அழவில்லை. தாளை நேராக்கிக்கொண்டே சொன்னேன். அந்தத் தாய்க்கு நல்ல மனம் இருப்பதுபோல் எங்கும் முன்கூட்டி ஒரு குறிப்புக் காட்டிவிடாதே. நீ இரக்கமுள்ளவள், அந்த இடத்தில் உன் கை தானாகவே நீளும். நீட்டாதே.

சென்ற சனிக்கிழமை நீ ஒரு கலியாணத்திற்குப் படமெடுக்கச் சென்றிருப்பாய் என்றெண்ணி, பேருந்தேறித் தம்போய்க்கு வந்திருந்தேன். மாலைத் திருப்பலிக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முடிந்ததும், அன்று என்னை நிறுத்திக் கேட்ட இரு பெண்களில் ஒருவரைக் கோயில் வாசலில் கண்டேன். "அந்தப் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. என் மகன் காரணம் சொல்லியே நிறுத்தினான். அதை மறைத்து உங்களைத் தவறாக எண்ண வைத்தவள் நான்" என்றேன்.

அவர் திகைத்துப்போய், "ஆறு வருஷம் கழிச்சு வந்து சொல்றீங்களே அக்கா! நாங்களும் வாய்க்கு வந்தபடி பேசிட்டோமே" என்றார்.

"பேசியதைப் போலவே இதையும் பேசுங்கள்" என்றேன். பேசுவார். அதில் எனக்கு ஐயமில்லை.

உன் வீடு வரை நடந்தேன். உன் தாயார் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். அழைக்க எனக்குத் துணிவு வரவில்லை, திரும்பிவிட்டேன். துணிவு வந்ததாக எழுத ஆசைதான், வரவில்லை. அடுத்த முறை வரவேண்டும்.

உன் படத்தைப் பற்றி ஒன்று கூறி முடிக்கிறேன். திருச்சபைக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் உள்ளதை என்னால் தீர்க்க இயலாது. கற்றவர்களாலும் இன்றுவரை இயலவில்லை. நீயும் தீர்க்கவில்லை; தீர்த்துவிட்டதுபோல் நடிக்கவுமில்லை. ஆனால் அவனைக் கடைசி இருக்கையில் தனியே விட்டது போதனை மட்டுமன்று, பெற்றவளும்தான் என்பதை உன் படம் எனக்குக் காட்டியது. புத்தகங்கள் பல படித்திருக்கிறேன். ஒரு படைப்பு என்னை இவ்வாறு எழுப்பி உட்கார வைத்தது இதுவே முதன்முறை. உனக்கு அந்தக் கொடை இருக்கிறது. கலியாண வீடியோக்களோடு நின்றுவிடாதே.

இனி, உன்னிடம் ஓர் உதவி வேண்டுகிறேன். நான் இதை ஒப்புக்கொண்டேன் என்பதை வசந்தன் திரையரங்க இருட்டில், பிறரோடு அமர்ந்து அறியக் கூடாது. அதற்கு முன் நானே அவனுக்கு எழுத வேண்டும். கடிதம் எழுதி ஒட்டி மேசைமேல் வைத்திருக்கிறேன். உறைமேல் அவன் பெயரை மட்டுமே எழுத முடிந்தது. சிங்கப்பூரில் அவன் எங்கு குடியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. பெற்ற தாய் உன்னிடம் கேட்கிறேன்.

திரையிடலுக்குப் பத்தொன்பது நாளே உள்ளது. முகவரியை எழுதி விரைவில் பதில் அனுப்பு.

அமலோற்பவம்